பூட்டிய கடிகாரம்

நான் சொல்லி நீங்கள் தப்பாகப் புரிந்துகொண்டால் பழி என் தலையில்தான் விழும். அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் ஆறாம் வகுப்போடு நின்றவள். எங்கள் ஆராய்ச்சி நிலையத்துத் தலைவர் நாச்சியப்பன் ஐயா எனக்குச் சொன்னதைத்தான் நான் உங்களுக்குச் சொல்கிறேன். நடுவில் ஏதாவது நழுவினால் ஐயா சொன்னது தப்பு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், என் வாய் தப்பு என்று எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் நிலையத்துக் கேட் முன்னால் டிவிக்காரர்கள் வண்டி வரிசையாக நிற்கிறதே, மந்திரி யாராவது வருகிறாரா என்று கேட்டீர்கள் பாருங்கள், மந்திரி இல்லை. மந்திரி என்றால் ரோட்டோரம் சுண்ணாம்புப் பொடி போட்டிருப்பார்கள். இது வேறே. சேலம் போய்ச் சேர நேரம் இருக்கிறது. அந்த ஜன்னலைக் கொஞ்சம் சாத்துங்கள் கண்ணு, காற்றுக்குக் கத்திப் பேச வேண்டியிருக்கிறது. கத்திப் பேசுகிற விஷயமும் இல்லை. பின் சீட்டில் இருக்கிறவர் தூங்குகிறாரா? நன்றாகப் பாருங்கள். சரி.

என் பேர் பாவாயி. அங்கே கெஸ்ட் ஹவுஸில் சமையல். என் வீட்டுக்காரர் போனபிறகு கிடைத்த வேலை. வேலையோடு ஒரு குவார்ட்டர்ஸ். ஒரு ஹால், ஒரு ரூம், விடாமல் தண்ணீர். வேலை போனால் வீடும் போகும். எனக்கு வேறு போக்கிடம் கிடையாது. அண்ணன் வீடு ஒன்று இருக்கிறது, அங்கே போய் அண்ணி கையில் காப்பி வாங்கிக் குடிப்பதற்கு நான் மலையேறிக் குதித்துவிடலாம். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நான் செய்ததெல்லாம் அந்த வீட்டுக்காகத்தான்.

மலையைக் குடைந்து உள்ளே ஒரு வளையம் வைத்திருக்கிறார்கள். கல்யாண மண்டபத்தில் பந்தி போடுகிற இடம் இருக்கிறதே, அந்த அகலம். முழுக்கக் காந்தம். உள்ளே போகும்போது கொண்டை ஊசியைக்கூடக் கழற்றி வைக்கச் சொல்வார்கள். அந்த வளையத்துக்குள் மியூவான் என்று ஒரு துகளை ஓடவிடுவார்கள். கண்ணுக்குத் தெரியாது. தெரியாது என்றால் எறும்புக் கால் மாதிரி இல்லை, தெரியவே தெரியாது. அதே துகள் வானத்திலிருந்தும் விழுந்துகொண்டே இருக்கிறதாம். இந்தப் பேச்சு நடக்கும்போதே உங்கள் தலை வழியாகவும் என் தலை வழியாகவும் போகிறதாம். பயப்படாதீர்கள், ஒன்றும் செய்யாது. நானும் முதலில் கேட்டுவிட்டுத் தலையில் துண்டு போட்டுக்கொண்டு திரிந்தேன்.

அது பம்பரம் மாதிரி. சுற்றுகிற பம்பரம் தலையாட்டும் இல்லையா, அதுவும் ஆட்டும். எவ்வளவு வேகமாக ஆட்டும் என்று ஒரு கணக்கு இருக்கிறது. உலகத்தில் எல்லாரும் ஒப்புக்கொண்ட கணக்கு, புத்தகத்தில் ஏறிவிட்ட கணக்கு. ஐயாவுக்கு அதில்தான் சந்தேகம். முன்னால் ஒருமுறை அளந்தபோது புத்தகத்தில் இருப்பதைவிடக் கொஞ்சம் வேறு மாதிரி ஆட்டியதாம். கொஞ்சம்தான். அளந்ததில் தப்போ, இல்லை புத்தகமே தப்போ, தெரியவில்லை. புத்தகம் தப்பு என்றால் என்ன அர்த்தம் தெரியுமா? வீட்டில் யாரும் இல்லை என்று நினைக்கிறோம், ஊஞ்சல் தானாக ஆடுகிறது. அப்படியென்றால் யாரோ இருக்கிறார்கள். அந்த மாதிரி, இதுவரை யாரும் பார்க்காத ஏதோ ஒன்று பக்கத்தில் நின்று அந்தப் பம்பரத்தைத் தள்ளுகிறதாம். இதை ஐயா சொல்லும்போது இட்லி ஆறிப்போகும். நான் நின்று கேட்பேன். மற்றவர்கள் எல்லாம் என்னைப் பார்த்தால் "அக்கா, சட்னி" என்பார்கள். அவர் ஒருத்தர்தான் விஷயம் சொல்வார்.

இப்போது கடிகாரத்துக்கு வருகிறேன். இதைத்தான் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று பயம்.

வேகத்தை அளக்கக் கடிகாரம் வேண்டும். அந்தக் கடிகாரத்தை வேண்டுமென்றே கொஞ்சம் தப்பாக ஓடவிடுவார்கள். எவ்வளவு தப்பு என்று அளக்கிற ஒருத்தருக்கும் தெரியக்கூடாது. ஏன் என்று கேட்டேன். ஐயா சொன்னார்: "இங்க இருக்கற ஒவ்வொருத்தருக்கும் ஒரு ஆசை இருக்கு பாவாயி. எனக்குப் புத்தகம் தப்பாப் போகணும்னு ஆசை. இன்னொருத்தருக்கு அது சரியா இருக்கணும்னு ஆசை. ஆசை இருந்தா கண்ணு தானா ஒரு பக்கம் சாஞ்சிரும். அதுக்குத்தான் எங்க கண்ண நாங்களே கட்டிக்கறோம். உன் வீட்டுக் கடிகாரத்த யாரோ முன்னால தள்ளி வச்சிட்டாங்க, எவ்வளவு தள்ளினாங்கன்னு உனக்குத் தெரியாது. அப்ப மணி என்னன்னு உன்னால சொல்ல முடியுமா?"

"முடியாது சாமி."

"அதான். எல்லாம் அளந்து முடிச்ச அப்பறம் கடிகாரப் பெட்டியத் திறப்போம். அதத் தள்ளி வைக்கற திருகு எங்க நிக்குதோ அதக் கழிச்சிக்குவோம். உண்மை வந்துரும்."

அந்தத் திருகைத் திருப்பிவைக்க ஓர் ஆள் வேண்டும். எந்த ஆசையும் இல்லாத ஆள். அவர்கள் கூட்டம் கூட்டமாக உட்கார்ந்து பேசியும் அப்படி ஓர் ஆள் அகப்படவில்லை. கடைசியில் ஐயா சமையல்கட்டுக்கு வந்தார்.

"புத்தகம் சரியா இருந்தா உனக்கு என்ன? தப்பா இருந்தா உனக்கு என்ன?"

"எனக்கு எல்லாம் ஒண்ணுதான் சாமி."

எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டு என்னை மட்டும் உள்ளே விட்டார்கள். பிரிட்ஜ் உயரத்துக்கு ஓர் இரும்புப் பெட்டி. உள்ளே வட்டமாக ஒரு திருகு, சுற்றிலும் கோடும் எண்ணும். நான் போகும்போது அது சுழியத்தில் நின்றது. ஒரு கோடு திருப்பினால் கடிகாரம் பத்து லட்சத்தில் ஒரு பங்குகூட மாறாதாம். எனக்குக் கை நடுங்கியது. இத்தனை கோடிச் சாமான், கை பட்டு உடைந்தால் எங்கே போவது? திருப்பினேன், கதவைச் சாத்தினேன், பூட்டினேன். சாவியைக் கறுப்புக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டேன். குளிக்கும்போதும் கழற்றியதில்லை.

அப்போது எனக்கு ஆசை ஒன்றும் இல்லை. சத்தியமாக இல்லை. ஆசை பிறகு வந்தது. கொண்டுவந்தது மணவாளன்.

டாக்டர் மணவாளன். ஊசி போடுகிற டாக்டர் இல்லை, இந்தத் துகளுக்கு டாக்டர். ஐயாவுக்கு அடுத்த இடம். சட்டையை இன் பண்ணிக்கொண்டு, தயிர்சாதத்தை ஸ்பூனில் சாப்பிடுகிற ஆள். என் மகள் ஹேமபிரியாவைப் பெண் பார்க்க ராசிபுரத்திலிருந்து வந்திருந்தார்கள். நல்ல குடும்பம், சொந்தமாக லாரி. நான் என்ன சொல்லியிருந்தேன்? ஆராய்ச்சி நிலையத்தில் இருக்கிறேன் என்று சொல்லியிருந்தேன். இருக்கிறேன்தானே? அதில் என்ன பொய்? கழுத்தில் நிலையத்தின் அட்டையும் தொங்கியது. அவர்களாக வேறு மாதிரி நினைத்துக்கொண்டால் நானா பொறுப்பு? பையனுடைய அம்மா பஜ்ஜியை எடுத்து, "மேடம் ரொம்ப எளிமையா இருக்காங்க" என்றுகூடச் சொன்னாள். மேடம் என்று.

அந்த நேரம் பார்த்து வாசலில் மணவாளன்.

"அக்கா, கெஸ்ட் ஹவுஸ் ஸ்டோர் ரூம் சாவி உங்ககிட்டயா இருக்கு?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே பார்த்தார். "ஓ, விசேஷமா! நல்லது, நல்லது." பையனுடைய அப்பாவைப் பார்த்துக் கையைக் கூப்பினார். "குடுத்து வச்சவங்க சார் நீங்க. இவங்க சாம்பார் இருக்கே, அதுக்காகவே நான் இந்த மலையில கெடக்கறேன். எங்க எல்லாருக்கும் சோறு போடறது இவங்கதான்."

சிரித்துக்கொண்டே சொன்னார். சிரித்துக்கொண்டே! கத்தியை நெய்யில் தோய்த்து இறக்குகிற மாதிரி. பையனுடைய அம்மா பாதிப் பஜ்ஜியைத் தட்டில் வைத்தாள். "அப்ப, நீங்க அங்க சமையலுங்களா?" அவ்வளவுதான். போய்க் கடிதாசி போடுகிறோம் என்றார்கள். இந்தக் காலத்தில் யார் கடிதாசி போடுகிறார்கள்?

ஹேமா என்ன சொன்னாள் தெரியுமா? "அம்மா, அவன் என்னை நிமிந்துகூடப் பாக்கல. நம்ம டிவி எத்தன இஞ்ச்சுன்னு பாத்துட்டு இருந்தான். போனதே நல்லது. அந்த சார் உன்னப் பாராட்டித்தானே பேசினாரு?" என்றாள். வெகுளி. உள்ளே எப்படி வெந்திருப்பாள் என்று பெற்றவளுக்குத் தெரியாதா? இப்போது ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள். தோழிகளோடு ரூம் எடுத்துத் தங்கியிருக்கிறாள். போன் பண்ணினால் சிரித்துச் சிரித்துப் பேசுகிறாள். எல்லாம் எனக்காகப் போடுகிற வேஷம்.

அன்றிலிருந்து மணவாளன் சாம்பாருக்கு நான் அடியில் கரண்டி விடுவதில்லை. மேல் தண்ணீரை மொண்டு ஊற்றுவேன். அதற்கும் "சூப்பர் அக்கா" என்பார். அவ்வளவு கல்நெஞ்சு.

நேரம் வரும் என்று காத்திருந்தேன். வந்தது. அளந்து முடிக்கப் போகிற சமயம். நான் மாவு ஆட்டிக்கொண்டிருந்தேன். மணவாளன் வந்து கதவு நிலையில் சாய்ந்து நின்றார்.

"அக்கா, பெங்களூர்ல எனக்கு ஒரு பெரிய வேலை கூப்பிடறாங்க. போறதா, இருக்கறதா தெரியல."

"போங்க சார், நல்லா இருங்க" என்றேன்.

"இங்க வர்ற அளவு அப்படியே புத்தகத்துல இருக்கற மாதிரியே வருதுக்கா. ஆனா கடிகாரம் தப்பா ஓடுதே, அதக் கழிச்சாத்தான் எதுவும் தெரியும்." அப்புறம் சிரித்தார். "சும்மா கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. அந்தத் திருக ரொம்பத் திருப்புனீங்களா, கொஞ்சமாவா?"

சும்மா கேட்டாராம்! கிரைண்டரை நிறுத்தினேன். என் புத்தியில் அது எப்படி உதித்தது என்று இன்றுவரை எனக்கே தெரியாது. தலையைக் குனிந்துகொண்டேன். குரலை இறக்கினேன்.

"சார், யார்கிட்டயும் சொல்லாதீங்க. எனக்குப் பயமா இருந்துச்சு. உடைஞ்சிரும்னு அதத் தொடவே இல்ல. அப்படியே பூட்டிட்டு வந்துட்டேன்."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். நம்பினார். அந்த நிமிஷமே நம்பினார் கண்ணு! ஒரு சந்தேகம், ஒரு மறு கேள்வி? இல்லை. இந்தப் பொம்பளை இவ்வளவுதான், ஒரு திருகைத் திருப்பக்கூட இவளுக்குத் தைரியம் கிடையாது என்று அவர் எப்போதோ முடிவு செய்து வைத்திருந்தார். நான் சொன்னது அந்த முடிவில் போய் அச்சாகப் பொருந்திவிட்டது. பெண் பார்த்த அன்றைக்கு எரிந்ததைவிட அன்றைக்கு எனக்கு அதிகமாக எரிந்தது. நம்பாமல் போயிருந்தால்கூட மன்னித்திருப்பேன்.

திருகு தொடப்படவில்லை என்றால் கடிகாரம் சரியாக ஓடுகிறது. கடிகாரம் சரி என்றால் வருகிற அளவும் சரி. அளவு புத்தகத்தோடு ஒத்துப்போகிறது. ஆகவே புதிதாக ஒன்றும் இல்லை, ஊஞ்சலை ஆட்ட யாரும் இல்லை. மணவாளன் இப்படிக் கணக்குப் போட்டார். பெங்களூருக்குச் சரி என்று எழுதிக் கொடுத்தார். முடிவை வெளியிடும்போது போடுகிற பெயர் வரிசையிலிருந்து தன் பெயரையும் எடுத்துவிடச் சொல்லிவிட்டார். அதோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. சென்னையில் ஏதோ கூட்டத்தில் பேசும்போது, "அந்த வளையத்துல ஒண்ணும் கெடையாது, வீண் வேலை" என்று வாய்விட்டுவிட்டார். அதை யாரோ போனில் பிடித்து ஐயாவுக்கு அனுப்பிவிட்டார்கள்.

என்னைக் கூப்பிட்டனுப்பினார்கள். ஐயா உட்கார்ந்திருந்தார். மணவாளன் நின்றுகொண்டிருந்தார். ஐயா முன்னால் அவர் நின்று நான் பார்த்ததே இல்லை.

"பெட்டி திறக்கறதுக்கு முன்னாடி இவருக்கு எப்படித் தெரியும்னு கேட்டேன்" என்றார் ஐயா. "நீ சொன்னேங்கறார்."

"அக்கா, நீங்கதானே சொன்னீங்க? தொடவே இல்லன்னு? மாவு ஆட்டிட்டிருந்தீங்க."

எனக்கு அழுகை தானாக வந்தது. வரவழைக்கவே வேண்டியிருக்கவில்லை. "நான் எதுக்கு சாமி அப்படிச் சொல்றேன்? திருப்பச் சொன்னீங்க, திருப்பினேன். இவரு வந்து கேட்டது நெசம். ரொம்பவா, கொஞ்சமான்னு கேட்டாரு. நான் வாயத் தொறக்கல. என் மக கல்யாணத்தக் கெடுத்தாரு, இப்ப என் சோத்துலயும் மண்ணள்ளிப் போடறாரு."

"என்னது, கல்யாணமா?" என்றார் மணவாளன். உண்மையிலேயே தெரியாதவர் மாதிரி வாயைப் பிளந்தார். நடிப்பு!

ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அழாத பாவாயி. வெள்ளிக்கிழமை எல்லார் முன்னாலயும் பெட்டியத் திறக்கறோம். திருகு சுழியத்துல நின்னா இவர் சொல்றது உண்மை. அப்ப நீ வாய விட்டிருக்க, வேலையையும் செய்யல. உன்ன என்னால வச்சிருக்க முடியாது. வீட்டக் காலி பண்ண வேண்டியிருக்கும். திருகு வேற எங்கயாவது நின்னா இவர் பேச்சு பொய்."

சாவியை நீட்டினேன். வாங்கவில்லை. "உன்கிட்டயே இருக்கட்டும். இதுல என்னவிட ஆசை யாருக்கு இருக்கு? நான் தொட்டா அது இன்னும் தப்பு."

வெளியே வந்தேன், நேராகப் போய்ச் சமையல்கட்டைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

வெள்ளிக்கிழமை டெல்லியிலிருந்து நாலைந்து பேர் வந்தார்கள். என் கழுத்துச் சாவியால் நானே திறக்க வேண்டும் என்றார் ஐயா. திறந்தேன். எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். திருகு எங்கோ அந்தப் பக்கம் நின்றது. சுழியத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. யாரோ எண்ணைச் சத்தமாகப் படித்தார்கள். நான் எண்ணைக் கவனிக்கவில்லை, மணவாளன் முகத்தைத்தான் கவனித்தேன். கண்ணு, அந்த முகத்துக்காக நான் எத்தனை வருஷம் வேண்டுமானாலும் சாம்பார் வைப்பேன். பாலில் எலுமிச்சம்பழம் பிழிந்த மாதிரித் திரிந்துபோனது. என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அன்றைக்குத்தான் அவர் என்னை முதல்முறையாகப் பார்த்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு திருகு நின்ற அந்த எண்ணை அளவிலிருந்து கழித்தார்கள். கம்ப்யூட்டரில் ஒரு கோடு வந்தது. ஒரு பெண் "இருக்கு" என்று முனகினாள். பிறகு ஒரே கத்தல். புத்தகம் தப்பாம்! கொஞ்சநஞ்சமில்லை, முன்னால் பார்த்ததைவிடவும் பெரிய தப்பாம். ஊஞ்சலை யாரோ ஆட்டுகிறார்களாம். ஐயா அப்படியே நாற்காலியில் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதார். முப்பது வருஷ ஆசை அல்லவா? நான் போய்க் கேசரி கிளறினேன். எல்லாருக்கும் முந்திரியோடு. மணவாளனுக்கும் ஒரு கரண்டி வைத்தேன், வைக்காமல் இருக்கலாமா? முந்திரியை மட்டும் ஒதுக்கிவிட்டேன்.

அவர் பெயர் அதில் இல்லை. ஒன்பது வருஷம் அந்த வளையத்தைச் சுற்றி வந்தவர், உலகமே பார்க்கிற சமயத்தில் பெயர் இல்லை. தானே எடுத்துவிடச் சொன்னார், தானே கையெழுத்துப் போட்டார், நானா சொன்னேன்? திரும்பச் சேர்க்கச் சொல்லிக் கெஞ்சினாராம். டெல்லிக்காரர்கள் முடியாது என்றார்களாம். பெங்களூர்க்காரர்களும் கொஞ்சம் பொறுங்கள் என்கிறார்களாம். பொறுக்கட்டும். கடிதாசி வரும் என்று காத்திருக்கட்டும். அது எப்படியிருக்கும் என்று எங்களுக்குத் தெரியும்.

இதுதான் டிவி வண்டிகளுக்குக் காரணம். வெளிநாட்டிலிருந்தெல்லாம் ஐயாவைக் கூப்பிடுகிறார்கள். யாருக்கும் நம்பிக்கை வரவில்லையாம், அதனால் ரெண்டு மூன்று தேசத்தில் இதே மாதிரி வளையம் கட்டிச் சரிபார்க்கப் போகிறார்களாம். கோடி கோடியாகப் பணம் ஒதுக்கிவிட்டார்களாம். கட்டட்டும். ஐயா பொய் சொல்கிறவரா? போகும்போது என் தலையில் கை வைத்து, "உன் கையாலதான் ஆச்சு பாவாயி" என்றார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

சமையல்கட்டைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டது ஏன் என்று சொல்கிறேன் என்றேன் இல்லையா? பின் சீட்டுக்காரர் தூங்குகிறார்தானே?

திருப்பியது எனக்கு ஞாபகம் இருந்தது. எவ்வளவு திருப்பினேன் என்பதுதான் ஞாபகம் இல்லை. கை நடுங்கிய நடுக்கத்தில் எங்கே கொண்டுபோய் நிறுத்தினேனோ. மணவாளன் மாட்டிக்கொள்ள வேண்டும், நான் மாட்டிக்கொள்ளக் கூடாது. இந்த யோசனையிலேயே சோறு இறங்கவில்லை. வியாழக்கிழமை மத்தியானத்துக்கு மசால் வடை போட்டேன். மசால் வடை என்றால் அந்தக் கூட்டம் ஒன்று விடாமல் சாப்பாட்டு ரூமுக்கு வந்துவிடும், வாட்ச்மேன் உட்பட. எல்லாருக்கும் இலை நிறைய வைத்துவிட்டு, டீ கிளாஸ் எடுத்து வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் பெட்டி இருக்கிற அறைக்குப் போனேன். பெட்டியைத் திறந்தேன்.

அட கடவுளே என்று உட்கார்ந்துவிட்டேன். திருகு சுழியத்தை ஒட்டி நிற்கிறது. ஒரு கோடுகூட நகரவில்லை, நூலளவுதான் தள்ளி. திருப்பினேன் என்று நான் ஆயிரம் சத்தியம் செய்தாலும் பார்க்கிற எவனும் தொடவே இல்லை என்றுதான் சொல்வான். மணவாளன் பேச்சு உண்மையாகிவிடும். என் பாத்திரம் பண்டமெல்லாம் ரோட்டுக்கு வந்துவிடும்.

ஒரு நிமிஷம் யோசித்தேன். அளந்து முடித்தாயிற்று. மெஷினை நிறுத்தியாயிற்று. பம்பரம் ஆடியதெல்லாம் ஆடி முடிந்து கம்ப்யூட்டருக்குள் போயாயிற்று. இனி நின்றுபோன கடிகாரத்தைத் திருப்பினால் யாருக்கு என்ன நஷ்டம்? திருகைக் கெட்டியாகப் பிடித்தேன். இந்த முறை கை நடுங்கவில்லை. யார் வந்து பார்த்தாலும் இது திருப்பின திருகுதான் என்று சந்தேகமே வராத இடம் வரைக்கும் நன்றாகத் திருப்பி வைத்தேன். முந்தானையால் துடைத்தேன். பூட்டினேன். டீ கிளாஸ்களை எடுத்துக்கொண்டு போய், இன்னும் ரெண்டு வடை வேண்டுமா என்று எல்லாரையும் கேட்டேன்.